ஃபெனர்பாச்சே: 19 பட்டமா, 28 பட்டமா?

வினாடி வினாவுக்கு இஸ்தான்புல் கால்பந்து கிளப்பான ஃபெனர்பாச்சேயின் சாம்பியன் பட்டங்களை எண்ணும்போது ஓரிடத்தில் 19, இன்னோரிடத்தில் 28 வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். கணக்கு பிசகவில்லை, எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதுதான் வேறு.

துருக்கியின் தேசிய லீக் 1959இல் தொடங்கியது. அதிலிருந்து எண்ணினால் 19; கடைசியாக வென்றது 2013-14. மேட்ச் ஃபிக்சிங் (ஆட்ட முடிவை முன்கூட்டியே பேசிவைத்தல்) வழக்கில் சிக்கிய 2010-11 பட்டமும் இதில் அடக்கம், துருக்கிக் கால்பந்துக் கூட்டமைப்பு அதைப் பறிக்கவில்லை. அந்தப் பருவத்தில் இரண்டாம் இடம் வந்த டிராப்சான்ஸ்போர் கிளப்பின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், அது தனிக்கதை.

மீதி 9, 1959க்கு முன் நடந்த இரண்டு தேசியப் போட்டிகளில் வென்றவை. துருக்கி சாம்பியன்ஷிப் 3 (1933, 1935, 1944), மில்லி குமே 6 (1937, 1940, 1943, 1945, 1946, 1950). கிளப் இவற்றையும் சேர்த்துத்தான் 28 என்கிறது. ஐந்து பட்டத்துக்கு ஒரு நட்சத்திரம் என்ற கணக்கில் 2023இல் ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொண்டது. கூட்டமைப்பு இந்த 9ஐ ஏற்கவில்லை.

சிக்கல் எங்கே என்றால், இரண்டு போட்டியும் ஒரே ஆண்டில் நடந்ததுண்டு. 1944இல் துருக்கி சாம்பியன் ஃபெனர்பாச்சே, மில்லி குமே சாம்பியன் இன்னொரு இஸ்தான்புல் கிளப்பான பெஷிக்தாஷ். ஒரே நாட்டுக்கு இரண்டு சாம்பியன்! ஆகவே இரண்டையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள், தனித்தனியாக எழுதுங்கள்.

பெஷிக்தாஷுக்கும் எண்ணப் போகிறீர்களானால் கவனம்: 1957, 1958 கூட்டமைப்புக் கோப்பைகள் இரண்டும் லீக் பட்டங்களாக ஏற்கப்பட்டவை. 1959க்கு முந்தையது எதுவும் செல்லாது என்று பொதுவிதி எழுதினால் அங்கே இடிக்கும். முதல் லீக் பருவத்தை '1958-59' என்று எழுதாமல் '1959' என்றே போடுங்கள். அது ஒரே ஆண்டுக்குள் முடிந்தது.