வைரஸ் 'கண்டறியப்படவில்லை' என்று ரிப்போர்ட் வந்தால் எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்தலாமா?

கேட்டவர் தன் அண்ணனுக்காகக் கேட்டிருக்கிறார். அண்ணன் மூன்று வருடமாக, எச்.ஐ.வி. வைரஸை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறாராம். இப்போது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு ரிப்போர்ட்டில் 'டார்கெட் நாட் டிடெக்டெட்' என்று வந்திருக்கிறதாம். குணமாகிவிட்டதா, மாத்திரையை விட்டுவிடலாமா என்பது கேள்வி.

விடக் கூடாது. நான் டாக்டர் இல்லை, குன்னூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவன். 2014-லிருந்து இந்த மாத்திரை சாப்பிடுகிறேன், நடுவில் விட்டும் பார்த்தவன். பெயர் போடாமல் எழுதுகிறேன். எங்கள் ஊரில் யார் தோட்டத்தில் எத்தனை கிலோ பச்சை இலை விழுந்தது என்பதே சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இதே காரணத்துக்காகத்தான் மாத்திரையையும் ஊட்டியில் வாங்காமல் கோவைக்குப் போய் வாங்குகிறேன்.

அந்த ரிப்போர்ட் சொல்வது இவ்வளவுதான்: ஒரு மில்லி ரத்தத்தில் மெஷின் கணக்கிடக்கூடிய அளவுக்கு வைரஸ் இல்லை. மெஷினைப் பொறுத்து அந்த அளவு 20, 40, 50 என்று மாறும். ரத்தத்தில் இல்லை என்பதால் உடம்பிலேயே இல்லை என்று ஆகாது. நோய் எதிர்ப்புக்கான சிடி4 செல்கள் சிலவற்றுக்குள் வைரஸ் தூங்கிக்கொண்டிருக்கும், தூங்குகிற வைரஸை மாத்திரையால் ஒன்றும் செய்ய முடியாது. கவாத்து வெட்டிய தேயிலைக் காட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு இலை இருக்காது, வெளியூர்க்காரர் எரிந்துபோன காடு என்றே நினைப்பார். அப்புறம் பார்த்தால் கட்டையெல்லாம் துளிர்த்திருக்கும். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்ப ஏறிவிடும்.

எனக்கு ஏறியது. 2018-ல் அரசு மையங்களில் வைரல் லோடு டெஸ்ட் இலவசமாக எடுக்க ஆரம்பித்தார்கள். எனக்கு முதல் ரிப்போர்ட்டே உங்கள் அண்ணனுக்கு வந்த மாதிரி நல்லபடியாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் அலட்சியம். அடுத்த வருடம் ஐப்பசி மழையில் மரப்பாலம் பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைத்துவிட்டது, கையில் மாத்திரை தீர்ந்துவிட்டது. கோத்தகிரி வழியாகப் போயிருக்கலாம். போகவில்லை, அதுதான் உண்மை. ஐந்து நாள் விட்டும் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. சரி, இவ்வளவுதானே என்று அதற்கப்புறம் மூன்று நாள் போட்டால் இரண்டு நாள் போடாமல் ஓடியது. அடுத்த டெஸ்டில் 6,400.

ஆயிரத்தைத் தாண்டினால் உடனே மருந்தை மாற்றிவிட மாட்டார்கள். மூன்று மாதம் ஒழுங்காகப் போட வைத்து, கவுன்சலிங் கொடுத்து, திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள். கவுன்சலர் அக்கா திட்டவில்லை. எந்தெந்த நாள் விட்டீர்கள், அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று காலண்டரை வைத்துக்கொண்டு கேட்டார். அரைகுறையாக மருந்து போட்டால் வைரஸ் அந்த மருந்துக்கே பழகிவிடும், பிறகு அது வேலை செய்யாது என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு அதிர்ஷ்டம், திரும்ப இறங்கிவிட்டது.

மருந்துச் செடிப் பொடி விற்கிறவர்களிடம் அண்ணன் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மையத்து வரிசையில் எனக்குப் பழக்கமான ஒருவரை, 'ரிப்போர்ட்டில் வைரஸே இல்லையே, என் பொடிதான் குணப்படுத்தியது' என்று ஒரு ஆள் நம்பவைத்துவிட்டார். இறக்கியதோ ஏ.ஆர்.டி. மாத்திரை, காசு போனது பொடிக்கு. இன்னொன்று, நம்பிக்கை மையத்தில் எடுக்கும் சாதாரண எச்.ஐ.வி. டெஸ்ட் எப்போதும் பாசிட்டிவ்தான் காட்டும். அது வைரஸை எதிர்த்து உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடியைப் பார்க்கிறது, வைரஸை எண்ணுவதில்லை. அண்ணன் அதைப் பார்த்து பயப்படவும் வேண்டாம்.

அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் இதையும் சொல்லுங்கள். தினமும் மாத்திரை போட்டு, வைரஸ் தொடர்ந்து கண்டறிய முடியாத அளவில் இருந்தால் உடலுறவு வழியாக அது துணைக்குப் பரவாது. ஐரோப்பாவில் 'பார்ட்னர்' என்ற ஆய்வில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள 888 ஜோடிகளைக் கவனித்தார்கள். ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 தடவை உறவு, துணையிடமிருந்து தொற்றியவர் ஒருவர்கூட இல்லை. 2016-ல் அது வெளிவந்தது. என் மனைவிக்கு இன்றுவரை நெகட்டிவ். மற்ற பால்வினை நோய்களுக்கு இது காப்பு இல்லை, அதற்கு ஆணுறைதான்.

இப்போது தருவது பெரும்பாலும் டோலுடெக்ராவிர் என்ற மருந்து சேர்ந்த ஒற்றை மாத்திரை. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் அதை உடம்பில் சேரவிடாது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரமாவது கழித்துத்தான் அதைக் குடிக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மையத்தில் சொல்லிவிடச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கு போன் போடலாம், காசு கிடையாது.

வெளியூர் போகும்போது டப்பாவை எடுத்துப் போகிறாரா என்று மட்டும் கவனியுங்கள். பஸ்ஸில் மாத்திரை குலுங்குகிற சத்தத்தைக் கேட்டு யாராவது என்ன என்று கேட்பார்களோ என்றுதான் நான் பாதி நாள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். இப்போது டப்பாவுக்குள் கொஞ்சம் பஞ்சு திணித்துக்கொள்கிறேன்.