தூர்ந்த குளத்தையும் மூடிய ரயில் பாதையையும் பழைய வரைபடத்தில் தேடுவது எப்படி?

கேள்வி: ஆக்கூர் பக்கம் எங்கள் ஊர். மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயில் போன தடமும் தூர்ந்துபோன குளங்களும் எங்கே இருந்தன என்று பழைய வரைபடங்களைக் கொண்டு கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். இரண்டு வகை வரைபடம் வேண்டும். இரண்டின் வேலையும் வேறு.

முதலாவது, இந்திய நில அளவைத் துறையின் டோபோ ஷீட், அதாவது நிலப்பரப்பு வரைபடத் தாள். உங்கள் பகுதி 58எம்/12, 58எம்/16 ஆகிய இரு தாள்களில் வருகிறது. பழைய தாள்கள் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் இருக்கும். அதில் அரை மில்லிமீட்டர் தடிமன் கோடு தரையில் 32 மீட்டர். குளம் எந்தத் திசையில் இருந்தது என்று சொல்லும், எந்த வயலில் என்று சொல்லாது. ஓரத்தில் அச்சிட்ட ஆண்டைவிட அளவை செய்த ஆண்டைப் பாருங்கள். இந்தப் பாதை 1926இல் வந்தது. அதற்கு முன் அளந்த தாளில் ரயில் இல்லையே என்று குழம்ப வேண்டாம்.

இரண்டாவது, வருவாய்த் துறையின் கிராம வரைபடம். இதுதான் உண்மையான சாட்சி. பழைய வரைபடத்தில் ஓர் அங்குலம் என்பது 5 சங்கிலி, அதாவது 330 அடி. ரயில் தடம் வயல்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் நீண்ட, ஒடுங்கிய சர்வே எண்ணாகத் தெரியும். மெதுவாக வளைந்தால் ரயில். வயல் மூலையில் சட்டென்று திரும்பினால் வண்டிப்பாதை. அந்த எண்ணைக் கிராமத்தின் நில விவரப் பட்டியலான ‘அ’ பதிவேட்டில் பார்த்தால் ரயில்வே நிலமா, குளப் புறம்போக்கா, வாய்க்காலா என்பது தெரிந்துவிடும். நீள அகலத்துக்குப் புலப்படம், அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனியாக வரைந்த அளவுப் படம். அதில் அளவு லிங்க்கில் (சங்கிலியில் நூறில் ஒரு பங்கு) இருந்தால் 1 லிங்க் 20.1 சென்டிமீட்டர். தாலுகா அலுவலக நில அளவைப் பிரிவில் விசாரியுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடினால் தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுகா என்ற பெயரில் கேளுங்கள். இன்றைய மாவட்டப் பெயரில் பழைய காகிதம் இருக்காது.

அடுத்து, வரைபடத்தை மடிப்பில்லாமல் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்துங்கள். கோயில், பழைய பாலம், கிராம எல்லைகள் சந்திக்கும் முச்சந்திக் கல் போன்ற நகராத இடங்களில் எட்டுப் புள்ளிகளை, நான்கு மூலைக்கும் பரவலாக, இரண்டு படத்திலும் குறியுங்கள். ஆற்றங்கரையும் கடற்கரையும் ஆகாது, அவை நகர்ந்திருக்கும். பொருத்தும் முறையாக, தாள் முழுவதையும் ஒரே சீராக நகர்த்தும் முதல் படிப் பல்லுறுப்பு மாற்றத்தைத் (Polynomial 1) தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பிசகுகிறது என்று காட்டும். அதிகம் பிசகுவதை மறுபடி பாருங்கள். ‘தின் பிளேட் ஸ்பிளைன்’ (Thin Plate Spline) என்ற முறை வேண்டாம். அது தவறான புள்ளியையும் இழுத்துப் பொருத்திப் பிழையே இல்லாததுபோல் காட்டிவிடும்.

19ஆம் நூற்றாண்டுத் தாளை அதிலுள்ள தீர்க்கரேகைக் கோடுகளை நம்பிப் பொருத்தாதீர்கள். சென்னை வானாய்வகத்தின் பழைய தீர்க்கரேகை மதிப்பை வைத்து வரைந்தவை அவை. சுமார் 2 நிமிடம் 27 விநாடி கூடுதலாக இருக்கும். அப்படியே எடுத்தால் ஊர் ஏறக்குறைய 4.5 கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப்போகும். தரங்கம்பாடி பக்கத்துப் பொறையாறு கடலுக்குள் போய் நிற்கும்.

பொருத்தியபின் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு வாய்க்கால் தடத்தைக் கடக்கும் இடங்களுக்கு முதலில் போங்கள். ரயில் பாதை மேட்டை வெட்டி மண் எடுத்திருப்பார்கள். செங்கல் மதகும் பாலத்தின் பக்கச் சுவரும் அநேகமாக மிஞ்சியிருக்கும்.