பைபாஸ் செய்த வயிற்றுக்குக் குளுக்கோஸ் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா?

கேள்வி: உடல் எடையைக் குறைக்க மூன்று வருடங்களுக்கு முன் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டேன். இப்போது 25-வது வாரம். கர்ப்பகால சுகர் டெஸ்டுக்காக 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்த கொஞ்ச நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைந்து வயிற்றுப்போக்கு. டெஸ்ட் பாதியில் நின்றுவிட்டது. மறுபடி வரச் சொல்கிறார்கள். குடித்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: குடிக்க வேண்டாம். ஆனால் சர்க்கரையைப் பார்க்காமல் விடவும் கூடாது. அதற்கு வேறு வழி இருக்கிறது.

உங்களுக்கு வந்தது டம்பிங். சாதாரணமாக இரைப்பையின் அடிவாயில் இருக்கும் தசை, உள்ளே போனதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்கு விடும். பைபாஸில் அந்தக் காவல் இல்லை. அடர்த்தியான சர்க்கரைத் தண்ணீர் நேராகச் சிறுகுடலில் போய் விழுகிறது. அதை நீர்க்கச் செய்ய உடம்பு ரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. படபடப்பும் வயிற்றுப் பிசைவும் அதனால்தான். இதற்கு அடுத்த கட்டமும் உண்டு. சர்க்கரை ஒரேயடியாக ரத்தத்தில் ஏறுவதால் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை மளமளவென்று இறங்கும். கர்ப்பிணிக்குக் கை நடுங்கி மயக்கம் வருமளவுக்கு இறங்குவது நல்லதல்ல.

பல்லைக் கடித்துக்கொண்டு டெஸ்டை முடித்தாலும் பலன் குறைவு. வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மில்லிகிராம் என்ற வரம்புகள் இயல்பான இரைப்பைக்கு வகுக்கப்பட்டவை. பைபாஸ் ஆனவருக்கு ஒரு மணி நேர அளவு எகிறி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டலாம். இரண்டு மணி நேர அளவு தரை தட்டி, இருக்கும் நோயை மறைக்கவும் செய்யலாம்.

சரி, மாற்று என்ன? 24 முதல் 28 வாரத்துக்குள், ஏறக்குறைய ஒரு வாரம், வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்ப்பது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு முறை, பிறகு மூன்று வேளை உணவுக்குப் பின் ஒவ்வொரு முறை. வெறும் வயிற்றில் 95-க்குள், ஒரு மணி நேரத்தில் 140-க்குள், இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் இருக்க வேண்டும். ஒன்றா இரண்டா என்பதை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். பைபாஸுக்குப் பின் உச்சம் சீக்கிரமே வந்துவிடுவதால் என் ஓட்டு ஒரு மணி நேரத்துக்குத்தான்.

நேரம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் வாய் எடுத்து வைத்த நொடியிலிருந்து கணக்கு. நீங்கள் மென்று மெதுவாகச் சாப்பிட அரை மணி நேரம் ஆகும். முடித்த பிறகு கடிகாரத்தைப் பார்த்தால் உச்சம் கடந்து போயிருக்கும். கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் நடுவில் அல்லாமல் பக்கவாட்டில் குத்துங்கள். பழம் நறுக்கிய கையோடு பார்த்தால் மீட்டர் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துச் சொல்லும். அளவுக்குப் பக்கத்தில் என்ன சாப்பிட்டீர்கள், வாந்தி எடுத்தீர்களா என்றும் எழுதுங்கள்.

அந்த வாரத்தில் வழக்கம்போலச் சாப்பிடுவது முக்கியம். எண் அழகாக வரட்டும் என்று பட்டினி கிடப்பவர்கள் உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கர்ப்பகால சர்க்கரை வரும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் குழந்தை எடை குறைவாகப் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் சாப்பாட்டைக் கண்டபடி குறைப்பது உங்கள் விஷயத்தில் இரட்டை ஆபத்து. ஏதோ ஒரு வேளை அளவு தாண்டினால் பதற வேண்டாம். திரும்பத் திரும்பத் தாண்டினால், குறிப்பாக வெறும் வயிற்று அளவு தாண்டினால், மருத்துவர் உணவை மாற்றுவார். அதிலும் அடங்காவிட்டால் இன்சுலின்.

70-க்குக் கீழே போனால் அதுவும் சொல்ல வேண்டிய செய்திதான். அப்போது இனிப்பை அள்ளி வாயில் போடாதீர்கள். ஏறிய வேகத்தில் மறுபடி இறங்கும். கொஞ்சமாகச் சர்க்கரை, அப்புறம் புரதமுள்ள ஏதாவது ஒன்று. அடிக்கடி இறங்கினால் தோலில் ஒட்டும் தொடர் சர்க்கரை சென்சார் உதவும். தாழ்ந்த அளவு காட்டினால் மட்டும் விரலில் குத்தி உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை போதாதா என்று கேட்பீர்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அது உதவும்: 6.5 சதவீதமோ, வெறும் வயிற்றில் 126-ஓ தொட்டால் கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் இருந்திருக்கலாம் என்று பொருள். 25-வது வாரத்தில் அதை மட்டும் நம்ப முடியாது. கர்ப்பம் அந்த எண்ணைக் கீழே இழுக்கும். பைபாஸுக்குப் பின் சகஜமான இரும்புச்சத்துக் குறைவு மேலே தள்ளும்.

ஸ்லீவ், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழாய்போல ஆக்கும் அறுவை சிகிச்சை, செய்தவர்களுக்கு டம்பிங் குறைவு, ஆனால் வராது என்று சொல்ல முடியாது. இதே வீட்டு முறைதான் நிம்மதி. இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி இறுக்கும் பேண்டு (பட்டை) போட்டவர்கள் பெரும்பாலும் வழக்கமான டெஸ்டையே தாங்கிக்கொள்வார்கள்.

மறுபடி வரச் சொன்னவருக்கு உங்கள் அறுவை சிகிச்சை பற்றித் தெரியுமா என்று முதலில் கேளுங்கள். வயிற்றில் தழும்பு சின்னதாக இருப்பதால் பல சீட்டுகள் தெரியாமலே எழுதப்படுகின்றன. ‘இரைப்பை பைபாஸ், வாய்வழி குளுக்கோஸ் டெஸ்ட் வேண்டாம்’ என்று கர்ப்பகாலக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். கர்ப்பகால சர்க்கரை உறுதியானால், பிரசவமாகி 6 முதல் 12 வாரத்தில் அதே தண்ணீரைக் குடிக்கச் சொல்வார்கள். அப்போதும் இந்த வரியைக் காட்டி, வெறும் வயிற்று சர்க்கரை போன்ற மாற்று டெஸ்டைக் கேளுங்கள்.