முதலில் வேறு வைத்துப் பாருங்கள்

கேள்வி: அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. மார்கழியில் நானும் மனைவியும் கானாடுகாத்தானில், விடுதியாக மாற்றப்பட்ட ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் நான்கு நாள் தங்கினோம். அந்த அமைதியும் சாப்பாடும் மனதை விட்டுப் போகவே இல்லை. சென்னை ஃபிளாட்டை விற்றுவிட்டு, அந்தப் பக்கமே ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடியேறுவது என்று முடிவு செய்திருக்கிறேன். மனைவிக்கும் போகப் போகப் பிடித்துவிடும். தங்கள் கருத்து?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: "தங்கினோம்" என்று தொடங்கியவர், "முடிவு செய்திருக்கிறேன்" என்று முடிக்கிறீர்கள். நடுவில் எங்கேயோ ஓர் ஆள் குறைந்துவிட்டார். அவருக்குத்தான் "போகப் போகப் பிடித்துவிடும்" என்கிறீர்கள். அப்படியானால் இப்போது பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டீர்களா?

நான் ஊகித்துச் சொல்கிறேன். நாலு நாளும் வாழை இலையில் வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் வந்தன. நீங்கள் இலையைப் பார்த்தீர்கள். அவர் இலையை எடுத்தவரைப் பார்த்திருப்பார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பளபளப்பதை நீங்கள் படம் எடுத்திருப்பீர்கள். அதைக் காலையில் எத்தனை பேர் துடைத்தார்கள் என்று அவர் எண்ணியிருப்பார்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். முகப்புக் கதவில் சாக்பீஸால் ஒரு செல்போன் நம்பர் எழுதியிருந்தது. கதவைத் தட்டிப் பார்த்தேன், பதில் இல்லை. நம்பரை அழைத்தேன். "வர்றேன், அங்கனயே நில்லுங்க" என்று ஒரு குரல். நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். கதவைத் திறந்த ஆச்சிக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். பின்கட்டில் அடுப்படிக்குப் பக்கத்து அறையில் ஒரு கட்டில், ஒரு ஃபேன், ஒரு டி.வி. அவர் குடியிருப்பது அங்கேதான். மற்ற அறைகள் எல்லாம் பூட்டு. இரண்டாம் கட்டு, வளவு என்கிற நடு முற்றம், பட்டாசாலை எல்லாம் தாண்டி வாசலுக்கு வர வேண்டும். "நான் வர்றதுக்குள்ள கேஸ்காரத் தம்பி ரெண்டு தடவ சிலிண்டரத் திருப்பிக் கொண்டு போயிருச்சு. அதான் நம்பர எழுதி வச்சேன்" என்றார். நீங்கள் வாங்க நினைப்பது இந்த மாதிரி வீட்டைத்தான்.

இதில் வீட்டின் மேல் குற்றம் இல்லை. நகரத்தார் என்கிற செட்டியார்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போய், அங்கே சம்பாதித்து இங்கே கட்டியது. அவர்களே வருஷம் முழுக்க இதில் இருந்ததில்லை. கல்யாணம், சாந்தி என்கிற அறுபதாம் கல்யாணம் என்று நூற்றுக்கணக்கில் ஆள் கூடுவதற்காகக் கட்டினார்கள். வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொன்று. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும், அதன்பின் அந்நாட்டு அரசு நிலங்களை எடுத்துக்கொண்டதும் அந்த வருமானத்தின் வேரையே அறுத்துவிட்டன. வீடு நின்றது, ஆட்கள் சென்னைக்கும் கோவைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். அவர்களாலேயே பராமரிக்க முடியாததை, பென்ஷனை வைத்துக்கொண்டு நீங்கள் பராமரிக்கப் போகிறீர்கள். மழைக்கு முன் ஓடு மாற்ற ஆள் கிடைப்பதே பெரும்பாடு. கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர் பெயர்ந்தால், அந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அப்புறம், யாரிடம் வாங்குவீர்கள்? மூன்று தலைமுறை தாண்டிய வீட்டுக்குப் பங்காளிகள் பத்து இருபது பேர் இருப்பது சாதாரணம். அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். "என் பங்கை மட்டும் தருகிறேன், மலிவு" என்று யாராவது வந்தால் ஓடிவிடுங்கள். பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் ஒருவர் பங்கை வாங்கும் வெளியாளுக்கு, கூடவே குடியிருக்கும் உரிமை கிடையாது என்று 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 44-வது பிரிவு சொல்கிறது. பணம் கொடுத்துவிட்டுத் திண்ணையில்தான் உட்கார வேண்டும். அதற்கும் ஒரு பங்காளி வந்து கேட்பார்.

செட்டிநாடே வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை. வேறு வைத்துப் பாருங்கள் என்கிறேன். நகரத்தார் வீட்டு வழக்கம் அது. கல்யாணமான பிள்ளையையும் மருமகளையும், ஒரே கூரைக்கடியில் தனி அடுப்பு மூட்டவிட்டு, வருஷத்துக்கு இவ்வளவு என்று படியளந்துவிடுவார்கள். அதற்குள் குடித்தனம் நடத்திக் காட்ட வேண்டும். அறுபது வயதில் உங்களுக்கும் அந்தப் பரீட்சை தேவை.

ஃபிளாட்டை விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள். காரைக்குடியில் செக்காலைப் பக்கமோ சுப்பிரமணியபுரத்திலோ பதினோரு மாத ஒப்பந்தத்தில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று பிடியுங்கள். காரைக்குடி 2024-ல் மாநகராட்சியாகிவிட்டது, ஒன்றும் குக்கிராமம் இல்லை. பங்குனியிலேயே போய்விட்டால் கம்பன் விழா கேட்கலாம். சா. கணேசன் 1939-ல் தொடங்கியது, கடைசி நாள் நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் நிறைவாகும். சம்பை ஊற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள், அதன் பிறகு கேன் தண்ணீர் இறங்காது. பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலைப் பல்லவன் ரயிலில் சென்னைக்கு ஏறிவிடலாம்.

முக்கியம், சித்திரையையும் வைகாசியையும் அங்கேயே கழியுங்கள். நீங்கள் பார்த்தது மார்கழி. பழைய வீட்டுக்குள் வெயில் தெரியாது என்பார்கள், வாஸ்தவம்தான். ஆனால் மருந்துக்கடை வீட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. காரை விட்டுவிட்டு ஒரு மாதம் பஸ்ஸில் போய் வாருங்கள். சாதாரண வைத்தியம் ஊரிலேயே ஆகிவிடும். பெரிய கோளாறு என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோதான் எழுதிக் கொடுப்பார்கள், இரண்டுமே 90 கிலோமீட்டர் வாக்கில். பகலில் ஒரு தடவை அந்தத் தூரத்தைப் போய்ப் பாருங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஐப்பசி அடைமழையும் முடியட்டும். அதன் பிறகு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். அதை உங்கள் மனைவி எழுதட்டும்.