கம்ப்ரசர் அறையின் கணக்கு

அன்புள்ள ஐயா,

கோயம்புத்தூரில் வாகன உதிரிபாகங்களுக்கு இரும்பு வார்ப்புகள் செய்யும் ஒரு பவுண்டரியில் ஆறு ஆண்டுகளாகப் பொறியாளராக இருக்கிறேன். சென்ற ஆண்டிலிருந்து நிறுவனத்தின் கார்பன் கணக்கை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மின்கட்டண ரசீதுகளையும் டீசல் ரசீதுகளையும் திரட்டி, ஸ்கோப் 1 (ஆலையிலேயே வெளியாவது), ஸ்கோப் 2 (வாங்கும் மின்சாரத்தால் வெளியாவது), ஸ்கோப் 3 (மூலப்பொருள் போன்ற மற்றவற்றால் வெளியாவது) என்று பிரித்து, ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் கேட்கும் படிவங்களை நிரப்புவதே என் வேலை. 2040க்குள் கார்பன் சமநிலை அடைவோம் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது. காற்றாலை மின்சாரம் வாங்குகிறோம், மரக்கன்று நடுகிறோம். மூன்று ஆண்டுகளில் ஒரு டன் வார்ப்புக்கான உமிழ்வு 12 விழுக்காடு குறைந்திருக்கிறது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறோம். ஆனால் ஒரு பொய்க்குத் துணைபோகிறேனோ என்ற எண்ணம் இரவில் உறங்கவிடுவதில்லை. இருநூறு ஆண்டுகளாக நிலக்கரியை எரித்த ஐரோப்பா, எங்களைப் போன்ற ஒரு சிறு ஆலையிடம் கணக்குக் கேட்பது நியாயமா? இந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய் இயற்கை வேளாண்மை செய்வது இதைவிட நேர்மையானதாக இருக்காதா?

ம.

அன்புள்ள ம,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் என் தந்தையின் பழைய தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் எண்ணெய் படிந்த கட்டைவிரல் ரேகை. உள்ளே பென்சிலில் தேதியும் அதற்கு எதிரே இரண்டு எண்களும் மட்டுமே எழுதப்பட்டிருந்தன. அந்த எண்கள் என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் அவற்றில்தான் இருக்கிறது என்று நினைப்பதால்தான் பல கடிதங்களுக்கு நடுவே இதற்கு முதலில் எழுதுகிறேன்.

வேலையை விடவேண்டாம். இதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு ஒன்றுமில்லை. ஊருக்குப் போய் விவசாயம் செய்ய ஆசை இருந்தால் அதை ஆசையாகவே செய்யுங்கள், குற்றவுணர்வுக்குப் பரிகாரமாகச் செய்யாதீர்கள். நிலம் அதற்கான இடமல்ல.

ஐரோப்பாவைப் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. வானில் இன்று சேர்ந்திருக்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு அவர்களும் அமெரிக்காவும் ஏற்றிவைத்தது என்பதை எவரும் மறுக்க முடியாது. எஃகு, அலுமினியம், சிமெண்ட் முதலியவற்றின் இறக்குமதிக்கு அவர்கள் 2026 ஜனவரி முதல் விதிக்கும் எல்லைக் கார்பன் கட்டணத்தை நம் அரசு பேச்சுவார்த்தைகளில் எதிர்க்கவே வேண்டும். ஆனால் அந்த வழக்கு டெல்லிக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் இடையே நடப்பது. உங்கள் ஆலையில் ஒரு ஹோஸ் குழாயில் காற்று ஒழுகுவதற்கு அந்த வழக்கு காரணம் ஆகாது.

இனி உங்களைக் கண்டிக்கவேண்டிய இடத்துக்கு வருகிறேன். நீங்கள் ஆறு ஆண்டுகள் பவுண்டரியில் வேலை பார்த்தவர். கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஸ்கோப் இருக்கிறது, படிவம் இருக்கிறது, அறிக்கை இருக்கிறது, உறக்கமின்மை இருக்கிறது. உலையைப் பற்றி ஒரு வரி இல்லை. வார்ப்பு அச்சுக்கான மணலைப் பற்றி இல்லை, காற்றை அழுத்திக் குழாய்களில் ஏற்றும் கம்ப்ரசரைப் பற்றி இல்லை, அங்கே வேலை செய்யும் ஒரு மனிதரைப் பற்றியும் இல்லை. ரசீதுகளைக் கூட்டி எழுதும் வேலை மட்டும் தரப்பட்டதால் கார்பன் ரசீதில் இருக்கிறது என்று நீங்களும் நம்பத் தொடங்கிவிட்டீர்கள். உங்களை உறங்கவிடாதது பொய் அல்ல, ஷெட்டுக்குள் நீங்கள் போவதை நிறுத்திவிட்டதுதான்.

என் தந்தை கோவைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் பிட்டராக இருந்தார். 1991 தீபாவளிக்கு மறுநாள், ஆலை விடுமுறையில் இருந்தபோது, என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். வேலை நாட்களில் நூல் நூற்கும் ரிங் பிரேம்களின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரின் பேச்சே கேட்காத அந்தக் கூடம் அன்று இருட்டாகவும் அமைதியாகவும் இருந்தது. உள்ளே நுழைந்ததும் அவர் நின்று, வாயில் விரல் வைத்து, கேட்கச் சொன்னார். முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. கூடத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் மெல்லிய சீறல் வந்துகொண்டிருந்தது, வைக்கோற்போருக்குள் நிறையப் பாம்புகள் இருப்பதைப் போல. எல்லா இயந்திரங்களும் நின்றிருந்தன. குழாய்களில் ஏற்றிவைத்த அழுத்தக் காற்று மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது.

அலுமினியக் கிண்ணத்தில் சோப்புக் கரைசல், கையில் பெயின்ட் அடிக்கும் பிரஷ். இணைப்புகளிலும் வால்வுகளிலும் ரெகுலேட்டர்களின் அடியிலும் அவர் தடவிக்கொண்டே போக, நுரை பொங்கிய இடத்திலெல்லாம் நான் சாக்பீஸால் வட்டம் போட்டேன். நூலைச் சுற்றும் ஆட்டோகோனர் இயந்திரங்கள் இருந்த பகுதியில் மட்டும் ஒரு சாக்பீஸ் தீர்ந்துபோனது. மதியம் வரை எண்பதுக்கு மேல் வட்டங்கள் விழுந்தன.

அதற்குப் பிறகு அவர் கம்ப்ரசர் அறையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டார். காற்றைப் பயன்படுத்த ஒரு இயந்திரமும் ஓடவில்லை என்றால், கம்ப்ரசர் ஒரு முறை அழுத்தத்தை நிரப்பிவிட்டு அப்படியே சும்மா இருக்கவேண்டும். அது இருக்கவில்லை. சிறிது நேரம் சும்மா ஓடும் (அன்லோடு), அழுத்தம் இறங்கும், மறுபடி உறுமிக்கொண்டு காற்றை அழுத்தத் தொடங்கும் (லோடு). அன்றைய பக்கம் இப்போது என் முன்னால் இருக்கிறது: லோடு 4 நிமிடம் 10 விநாடி, அன்லோடு 6 நிமிடம் 5 விநாடி. லோடு எடுத்த நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் அந்தக் கம்ப்ரசரின் திறனில் எத்தனை பங்கு ஒழுக்கிலேயே போகிறது என்று தெரிந்துவிடும். நூற்றுக்கு நாற்பது. இந்தச் சோதனை எரிசக்தித் திறன் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்ற என் தந்தை அதை எங்கே கற்றார் என்று எனக்குத் தெரியாது.

ஹோஸ் கிளிப்புகளும் வாஷர்களும் வாங்க அவர் ஒரு சிறு தொகை கேட்டார். மேலாளர் சிரித்தபடி, "காற்றுக்கு யாரப்பா பில் அனுப்பறான்?" என்று கேட்டாராம். அன்று மாலை வீட்டுக்கு வந்த என் தந்தை சாப்பிடவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே ஆலை உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலை நிறுவியது, முகப்பு அறையில் அதன் படம் பெரிதாக மாட்டப்பட்டது. சீறல் அப்படியே இருந்தது. அவர் ஓய்வுபெறும் வரை விடுமுறை நாட்களில் போய் அந்த இரண்டு எண்களை எழுதிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்காத எண்கள்.

ம, அந்த மேலாளர் சொன்னது எவ்வளவு பெரிய பிழை என்பதை உங்கள் துறையின் கணக்கிலேயே காட்டுகிறேன். ஒரு தொழிற்சாலையில் மிக விலை உயர்ந்த ஆற்றல் அழுத்தக் காற்றுதான். கம்ப்ரசருக்குள் போகும் மின்சாரத்தில் 10 முதல் 15 விழுக்காடு மட்டுமே கடைசியில் கருவியில் வேலையாக மாறுகிறது, மிச்சம் பெரும்பாலும் வெப்பமாகப் போய்விடுகிறது. ஏழு பார் அழுத்தத்தில் உள்ள குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால், அதற்குக் காற்று ஊட்ட மட்டும் சுமார் 3 கிலோவாட் மின்சாரம் வேண்டும். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் என்றால் 24,000 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் 1,68,000 ரூபாய். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்பதால், அந்த ஓட்டை ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 17 டன் வாயுவை வானுக்கு ஏற்றுகிறது. வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு 20 கிலோ அளவுக்கு உறிஞ்சும் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். இனமும் வயதும் மண்ணும் பொறுத்து அது மாறும். அந்தக் கணக்கில் உங்கள் ஒரு ஓட்டைக்கு 850 மரங்கள் நிற்கவேண்டும், அதுவும் வளர்ந்த மரங்கள். மரம் நடுவதைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு இதுவே பதில். நிழலுக்காக நடுங்கள், பறவைக்காக நடுங்கள். உமிழ்வுப் பட்டியலில் அவற்றை எழுதாதீர்கள்.

காற்றாலை மின்சாரம் வாங்குகிறோம், எனவே எங்கள் ஒழுக்கில் கார்பன் பூஜ்யம் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லக்கூடும். நான் மிகவும் மறுக்கும் வாதம் இது. ஆடி மாதக் காற்றில் உடுமலையிலோ ஆரல்வாய்மொழியிலோ சுழலும் இறக்கை தரும் ஒவ்வொரு யூனிட்டும் மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்களில் எரியவேண்டிய நிலக்கரியை எரியாமல் நிறுத்திவைக்க வல்லது. அந்த யூனிட்டை நீங்கள் வாங்கி ஓட்டை வழியாக ஊதிவிட்டால், வேறொருவருக்காக மேட்டூரில் நிலக்கரி எரிகிறது. படிவத்தில் உங்கள் கட்டத்தில் பூஜ்யம் விழும், வானத்தில் விழாது. தூய மின்சாரம் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை, தமிழ்நாட்டின் நூற்பாலைகள் தொண்ணூறுகளிலேயே காற்றாலையில் முதலிட்டது பெருமைப்படத்தக்க செயல். ஆனால் ஒழுகும் பானையை அடைக்காமல் நல்ல தண்ணீருக்கு அலைவதில் என்ன பயன்?

உங்கள் பவுண்டரியில் இது இன்னும் கூடுதலாகவே இருக்கும். மோல்டிங் இயந்திரம், கிரைண்டர், மணலை ஊதும் குழாய் எல்லாமே காற்றில் ஓடுபவை. வேலை முடிந்து போகும்போது உடையில் ஒட்டிய தூசியைக் காற்றால் ஊதிக்கொள்ளும் வழக்கம் உங்களிடமும் இருக்கும். அது உடலுக்கும் ஆபத்தானது. கம்ப்ரசரின் அழுத்தத்தை யாரோ என்றோ ஏற்றிவைத்திருப்பார்கள், ஏன் என்று இன்று எவருக்கும் நினைவிருக்காது. ஒரு பார் குறைத்தால் மின்சாரம் ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு மிச்சமாகும்.

உலைக்கு வருவோம். இண்டக்‌ஷன் உலையில் ஒரு டன் இரும்பை உருக்க 600 யூனிட் மின்சாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருக்கியதில் 60 விழுக்காடுதான் நல்ல வார்ப்பாக வெளியே வருகிறது, மிச்சம் ரன்னரும் ரைசரும் (உருகிய உலோகம் அச்சை நிரப்பும் வழிகளில் உறைந்த துண்டுகள்) கழிவுமாக மறுபடி உலைக்கே போகிறது என்றால், ஒரு டன் நல்ல வார்ப்புக்கு நீங்கள் செலவழிப்பது 1,000 யூனிட். மணலில் ஈரம் கூடி வார்ப்பில் குமிழ் விழுந்தால், அது தரப்பிரிவின் தலைவலி மட்டுமல்ல, அதே இரும்பை இரண்டாம் முறை உருக்கும் கார்பன். மோல்டு தயாராகாமல் உருகிய உலோகம் 1,450 பாகைக்கு மேலான வெப்பத்தில் மூடி திறந்தபடி காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அப்படித்தான். உங்கள் கார்பன் படிவத்தில் வார்ப்புக் கழிவின் விழுக்காட்டுக்கு ஒரு கட்டம் இருக்கிறதா? இருக்காது. அதனால்தான் தரப்பிரிவில் இருப்பவருக்குத் தாம் காலநிலை மாற்றத்தோடு தொடர்புள்ள வேலை செய்கிறோம் என்று தெரியவில்லை, உங்களுக்கு மணல் சோதனைக்கூடம் எந்தப் பக்கம் என்று மறந்துபோகிறது. ஸ்கோப் 3ஐப் பொறுத்தவரை ஒன்று மட்டும் பாருங்கள்: தாதுவிலிருந்து ஊதுலையில் செய்த பிக் அயர்ன் எவ்வளவு, பழைய இரும்பு எவ்வளவு. ஊதுலை வழியில் ஒரு டன் இரும்புக்கு ஏறத்தாழ இரண்டு டன் வாயு போகிறது. அலுவலகத்தில் காகிதத்தைக் குறைப்பதெல்லாம் அதன் முன் ஒன்றுமில்லை.

உங்கள் 12 விழுக்காட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு டன்னுக்கு 12 குறைந்திருக்கிறது, நல்லது. ஆனால் அதே மூன்று ஆண்டுகளில் உற்பத்தி 30 விழுக்காடு கூடியிருந்தால் மொத்த உமிழ்வு 14 விழுக்காடு ஏறியிருக்கிறது. நம் அரசின் கார்பன் வணிகத் திட்டமும் ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு என்றே இலக்கு வைக்கிறது, 2030க்கு நாடு அறிவித்த உறுதியும் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பின் விகிதத்தில்தான். வளரும் நாட்டுக்கு அது நியாயமான அளவுகோல் என்று நானும் ஏற்கிறேன். அதற்காக மொத்த எண்ணை மறைக்கவேண்டியதில்லை. அறிக்கையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிடச் சொல்லுங்கள். மறுத்தார்கள் என்றால் அப்போது எனக்கு எழுதுங்கள், உங்கள் உறக்கமின்மைக்குக் காரணம் இருக்கிறது என்று நானே ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் நல்ல மனம் படைத்தவர் என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது, தம்பி. மனம் நல்லதாக இருப்பவர்களைத்தான் இந்தப் படிவங்கள் விரைவில் களைப்படைய வைக்கின்றன. உங்கள் ஆலையிலும் என் தந்தையைப் போல ஒருவர் இருப்பார். பராமரிப்புப் பிரிவில், ஓய்வுபெற நாலைந்து ஆண்டு மீதியுள்ள ஒருவர். எந்த வால்வு எங்கே ஒழுகுகிறது என்பது அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும், ஆனால் அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை உலை நின்ற பிறகு அவரை வரச்சொல்லுங்கள். அவருக்கு அன்றைக்கு உரிய மிகைநேரக் கூலியை முன்பே பேசி வாங்கிக் கொடுங்கள், தர்மமாக வேலை வாங்காதீர்கள். சோப்புக் கரைசலை நீங்கள் தூக்குங்கள், பிரஷை அவர் கையில் கொடுங்கள். கடைசியில் இருவரும் கம்ப்ரசர் அறையில் உட்கார்ந்து ஐந்து சுற்றுகளுக்காவது நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். லோடு எவ்வளவு, அன்லோடு எவ்வளவு என்ற அந்த இரண்டு எண்களையும் எனக்கு அனுப்புங்கள். நோட்டில் இன்னும் பதினோரு பக்கம் காலியாக இருக்கிறது.