புல் மருந்தும் ஆடிக் காற்றும்: கேள்விகளும் பதில்களும்

"காற்றில் வரும் புழுதியில் களைக்கொல்லி இருக்குமா?" என்று போன மாதம் ஒருவர் கேட்டார். இருக்கும், மண் துகளோடு ஒட்டிக்கொண்டு வரும் என்று நான்கு வரியில் பதில் எழுதினேன். அது முதல் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. மண் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இப்போது பாப்பாரப்பட்டி பக்கம் கொஞ்சம் மல்பெரி, கொஞ்சம் தக்காளி. எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: களைக்கொல்லி அடிக்கத் தனி ஸ்பிரேயர் டேங்க் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வரும்.

கேள்வி (காரிமங்கலம்): ஐயா, கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மண்ணில் பட்டதும் செயலிழந்துவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். செயலிழந்தது எப்படிக் காற்றில் வரும்?

கடைக்காரர் சொன்னது பாதி சரி. நம் செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு அதிகம். அதிலும் களித்துகளிலும் கிளைபோசேட் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், வேட்டியில் நாயுருவி விதை ஒட்டுவதைப் போல. வேரால் அதைப் பிய்த்து எடுக்க முடியாது. அதனால்தான் அடித்த கொஞ்ச நாளிலேயே விதைத்தாலும் பயிர் முளைக்கிறது. ஆனால் மருந்து அங்கேயேதான் இருக்கிறது. அதைத் தின்று தீர்ப்பவை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள்.

அந்த நுண்ணுயிர்களுக்கு ஈரம் வேண்டும். புத்தகத்தில் 'பாதியாகக் குறைய இத்தனை நாள்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஈரமான மண்ணில் அளந்த கணக்கு. அதுவே மண்ணுக்கு மண் சில நாளிலிருந்து பல மாதம் வரை மாறும். பங்குனி, சித்திரையில் நம் மேட்டுக்காடு காய்ந்து கிடக்கும்போது நுண்ணுயிர்கள் தூங்கிவிடும், மருந்தும் அப்படியே கிடக்கும்.

அப்புறம் காற்று வருகிறது. முதலில் மணல்தான் துள்ளும். துள்ளி விழும் ஒவ்வொரு மணலும் தரையில் மோதி நைசான தூசியைக் கிளப்பிவிடும். மணல் வேலியோரமே நின்றுவிடும், நைசு மட்டும் ஊர் தாண்டிப் போகும். மருந்து அதிகம் ஒட்டியிருப்பது அந்த நைசில்தான். ஆகவே வயலில் எடுத்த ஒரு பிடி மண்ணைவிட உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் படிந்த தூசியில், எடைக்கு எடை, மருந்து கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி (நல்லம்பள்ளி): ரோட்டோரப் புல்லுக்கு எவ்வளவு அடித்தாலும் சாவதில்லை. மருந்து டூப்ளிகேட்டா?

இருக்கலாம். ஆனால் முதலில் அந்தப் புல்லைத் தொட்டுப் பாருங்கள், கையில் மாவு மாதிரி புழுதி ஒட்டும். கலங்கல் தண்ணீரில் கிளைபோசேட்டோ பாராகுவாட் என்ற இன்னொரு களைக்கொல்லியோ கலக்காதே என்று சொல்வது ஏன்? சேறு மருந்தைப் பிடித்துவிடும். இலைமேல் இருக்கும் புழுதியும் அதே வேலையைச் செய்கிறது. நீங்கள் அடித்தது புல்லுக்குப் போகவில்லை, புழுதிக்குப் போயிற்று. அடுத்த லாரி வந்ததும் அந்தப் புழுதி எழும்பி பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மேல் விழும். மண் ரோட்டோரத்தில் களைக்கொல்லி அடிப்பதைப் போல வீண் செலவு வேறில்லை. மழை பெய்து இலை கழுவின மறுநாள் ஆள் விட்டு அறுத்துவிடுங்கள்.

கேள்வி (பென்னாகரம்): வீட்டுக்கு மேற்கே மக்காச்சோளக் காடு. ஆடியில் தூசி சமையலறை வரை வருகிறது. மூன்று வயதுக் குழந்தை தரையில் விளையாடுகிறது. பயமாக இருக்கிறது சார்.

கணக்காகவே பார்ப்போம் அம்மா. ஏக்கருக்கு 1 லிட்டர் கிளைபோசேட் 41% அடித்தால், மருந்தோடு சேர்த்துக் கட்டிய உப்புப் பகுதியைக் கழித்து, உள்ளே இருக்கும் அசல் சரக்கு சுமார் 360 கிராம். மோசமாகவே வைத்துக்கொள்வோம்: அத்தனையும் மேல் 1 மில்லிமீட்டர் மண்ணிலேயே நின்றுவிட்டது, துளியும் அழியவில்லை. ஓர் ஏக்கரில் அந்த 1 மில்லிமீட்டர் மண் ஐந்தரை டன்னுக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் 1 கிலோ தூசியில் சுமார் 63 மில்லிகிராம். குழந்தை கை சூப்பி ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் தூசி விழுங்கினால் உள்ளே போவது 6 மைக்ரோகிராம் சொச்சம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் வைத்த அன்றாட வரம்பு உடல் எடை கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு 7,500 மைக்ரோகிராம் ஆகிறது. நம் கணக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

இதே கணக்கைப் பாராகுவாட்டுக்குப் போட்டால் நிம்மதி குறைகிறது. 24% மருந்து ஏக்கருக்கு 1 லிட்டர், அதாவது 240 கிராம். சர்வதேச நிபுணர் குழு வைத்த வரம்பு கிலோவுக்கு 0.005 மில்லிகிராம்தான். வரம்பில் பதினெட்டில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. அதுவும் களிமண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும் சரக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-லேயே அதற்கு அனுமதி போய்விட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் எதை அடிக்கிறார் என்று விசாரியுங்கள். மக்காச்சோளம் என்றால் அட்ரசின் என்ற களைக்கொல்லியாகவும் இருக்கலாம், அதற்குத் தனிக் கணக்கு. வீட்டில் காய்ந்த விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைக்கு இளைப்பு இருந்தால் களைக்கொல்லியைக் குற்றம் சொல்லும் முன் தூசியையும் பார்த்தீனியப் பூவையும் சந்தேகப்படுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள்.

கேள்வி (ஊத்தங்கரை, பர்கூர், அரூர், இன்னும் நால்வர்): கிளைபோசேட்டால் புற்றுநோய் வருமா?

ஏழு பேருக்கும் ஒரே பதில். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அதை 'வரவழைக்கக்கூடும்' என்ற 2ஏ பிரிவில் வைத்தது. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அந்தப் பிரிவு ஆபத்து உண்டா என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. ஐரோப்பிய ஆணையமும் அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பும் மாற்றுக் கருத்து சொன்னவை. கவலைப்பட வேண்டியவர் முதுகில் டேங்க் சுமந்து, லுங்கி நனைய மருந்து அடிக்கும் கூலிக்காரர். அவரைப் பற்றி ஏழு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேள்வி (பாலக்கோடு): தக்காளிக் கொழுந்து சுருங்கிவிட்டது. பக்கத்துக் காட்டுப் புழுதியா, வைரஸா?

சுருங்கின செடிகள் காற்று வரும் ஓரத்தில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும், எல்லாம் ஒரே வாரத்திலும் வந்திருந்தால் 2,4-டி என்ற களைக்கொல்லி. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கிப் பரவினால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். 2,4-டி பெரும்பாலும் புழுதியில் வருவதில்லை. தெளிக்கும்போது சாரலாக வரும், எஸ்டர் வகையென்றால் மதிய வெயிலில் ஆவியாகவும் வரும்.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. ஒரு வருடம் பக்கத்துக் கொல்லைக்காரரிடம் டேங்க் இரவல் வாங்கி என் தக்காளிக்குப் பூச்சி மருந்து அடித்தேன். அவர் அதில் கரும்புக்கு 2,4-டி அடித்திருந்தாராம். கழுவித்தான் கொடுத்தார். ஒரு வாரத்துக்குள் கொழுந்தெல்லாம் சவுக்கு இலை மாதிரி நூலாகிவிட்டது. தனி டேங்க்!

கேள்வி (அரூர்): மருந்தே வேண்டாம், உப்புக் கரைசல் அடிக்கலாமே? இயற்கையானது, காற்றில் போனாலும் கெடுதல் இல்லை.

தரிசில் பார்த்தீனியத்துக்கு லிட்டருக்கு 200 கிராம் உப்பு என்று பரிந்துரையே உண்டு. பயிர் வைக்கும் காட்டில் மட்டும் வேண்டாம்.

*(ஊத்தங்கரைக்காரர் ஒருவர் குறுக்கே: "உப்பைத் தினமும் சாப்பிடுகிறோம், மருந்தைச் சாப்பிடுகிறோமா? எங்கள் தாத்தா தென்னைக்கு உப்பு வைத்தார், மரம் இன்றும் காய்க்கிறது.")*

தென்னைக்கு உப்பிலிருக்கும் குளோரைடு பிடிக்கும், கடலோரத்து மரம். தாத்தா சரியாகத்தான் செய்தார். உங்கள் மாமரத்துக்கு வைத்துப் பாருங்கள், இலை நுனி கருகும். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்றால் 40 கிலோ உப்பு. கிளைபோசேட்டை நுண்ணுயிர் என்றாவது தின்று முடிக்கும், உப்பை எது தின்னும்? நம் மழையில் அது முழுதாகக் கழுவிப் போகாது. சோடியம் சேரச் சேர மண்கட்டி உடைந்து மாவாகும், அதாவது புழுதிக்கு நீங்களே பொடி அரைத்துக் கொடுக்கிறீர்கள்.

*(காவேரிப்பட்டணத்திலிருந்து இன்னொருவர்: "நாங்கள் கிளைபோசேட்டிலேயே ஒரு படி உப்பு கலக்கிறோம். நன்றாகக் கேட்கிறது.")*

இரண்டு தவறையும் ஒரே டேங்கில் போட்டிருக்கிறீர்கள். நம் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து மருந்தைக் கட்டிப்போடும். அதற்கு உதவுவது அமோனியம் சல்பேட், கறி உப்பு அல்ல. உப்பு இலையைச் சீக்கிரம் கருக்குவதால் 'கேட்கிறது' போலத் தெரியும். கருகின இலை மருந்தைக் கிழங்குக்கு இறக்காது. கோரை மறுபடி தளிர்க்கிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

*(அவர்: "தளிர்க்கத்தான் செய்கிறது.")*

சரி. இதற்கு மேல் உப்பைப் பற்றி எழுதுகிறவர்களுக்குப் பதில் இல்லை.

கேள்வி (ராயக்கோட்டை): கிளைபோசேட் டேங்குக்கு எத்தனை மில்லி?

லேபிளைப் படியுங்கள். 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசு அறிவிக்கையின்படி அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்தான் அடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி (தர்மபுரி): எங்கள் தண்ணீரில் ஃப்ளோரைடு...

குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம். என் துறை இல்லை.

கேள்வி (சூளகிரி): வீட்டுத் தூசியில் மருந்து இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

சாதாரண மண் பரிசோதனையில் தெரியாது. மருந்து எச்சம் பார்க்கும் தனியார் ஆய்வகத்துக்குக் கொடுத்தாலும் பல மருந்துகளை ஒரே சோதனையில் பார்க்கும் பட்டியலில் கிளைபோசேட் வராது, தனியாகக் கேட்க வேண்டும். அட்ரசின் சந்தேகம் என்றால் கைவைத்தியம் உண்டு. சந்தேக மண் ஒரு தொட்டி, நல்ல மண் ஒரு தொட்டி, இரண்டிலும் வெள்ளரி விதை. முளைத்து இரண்டு மூன்று வாரத்தில் ஒன்றில் மட்டும் இலை ஓரம் மஞ்சளாகிக் கருகினால் விடை கிடைத்துவிட்டது.

கேள்வி (பாப்பிரெட்டிப்பட்டி): புழுதியைக் குறைக்க என்ன வழி?

இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். கோடை உழவை மழை ஈரத்தில் கலப்பையால் ஓட்டிக் கட்டி கட்டியாக விடுங்கள். காய்ந்த மண்ணில் ரோட்டவேட்டர் விட்டால் மாவு மில் வைத்த மாதிரிதான். அறுவடைத் தட்டையைக் கொளுத்தாமல் தரையில் விடுங்கள். மேற்கு வரப்பில் கிளுவை வேலி இருந்தால் அடர்த்தி பண்ணுங்கள், காற்று தணிந்து தூசி இறங்கும். ஆடிப்பட்டக் கடலைக்குப் பெண்டிமெத்தலின் களைக்கொல்லி அடிக்கிறவர்கள் ஈரமில்லாத மண்ணில் அடித்தால் பாதி வெயிலுக்கும் காற்றுக்கும்தான். மல்பெரிக்காரர்கள் ரோட்டோர வரிசை இலையை இளம் பட்டுப்புழுவுக்குப் போடாதீர்கள்.

கேள்வி (தளி): டேங்கை நன்றாகக் கழுவினால் போதாதா? தனி டேங்க் எதற்கு?

சலவைச் சோடா கரைத்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் மூன்று தடவை அலசி, நாசில் வழியாகவும் தண்ணீர் விடுங்கள். அதற்குப் பிறகும் ரப்பர் குழாயிலும் வாஷரிலும் 2,4-டி ஒளிந்திருக்கும். கழுவின டேங்கில் ராகிக்கு அடியுங்கள், தப்பித்துக்கொள்ளும். தக்காளிக்கும் அவரைக்கும் அந்த டேங்கைத் தூக்காதீர்கள். என்னுடையதில் சிவப்பு பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். இரவல் கேட்டு வந்தால் அதைத் தருவதில்லை.