ஆவணப்படம் பார்த்து ஏதாவது மாறியிருக்கிறதா?

கேட்கப்பட்ட கேள்வி: "ஆவணப்படங்களால் சமூகத்தில் உண்மையிலேயே மாற்றம் வருமா? இல்லை, பார்த்துவிட்டு உச்சுக்கொட்டிவிட்டுப் போவதோடு சரியா?"

உச்சுக்கொட்டிவிட்டுப் போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து எங்கள் ஊரில் சில வருடங்களாக ஆவணப்படங்கள் திரையிட்டு வருகிறோம். வாடகை ப்ரொஜெக்டர், நாலு முழ வெள்ளை வேட்டி, கோயில் கொடைக்குப் போய்வந்த ஸ்பீக்கர். முப்பது பேர் வந்துவிட்டால் எங்களுக்கு அன்றைக்குத் தீபாவளி. படம் முடிந்ததும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்து கால்மணி நேரம் மனிதநேயம் பற்றிப் பேசுவார். நாங்கள் டீ கொடுப்போம். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இது கொஞ்சம் மாறியது 2017-இல்.

அந்த வருடம் பிப்ரவரியில் திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' வந்தது. 2015-இல் மதுரையில் செப்டிக் டேங்கில் இறங்கிய தொழிலாளிகள் செத்தபோது நடந்த போராட்டத்தில் இருந்தவர் அவர். படத்துக்கான விதை அங்கேதான் விழுந்தது. மலம் அள்ளுகிறவர்களும் சாக்கடைக்குள் இறங்குகிறவர்களும் ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்கு கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். நடுவில் எழுந்து போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், முதல் தடவை பார்த்தபோது நானும் போய் முகம் கழுவிவிட்டுத்தான் வந்தேன். பல ஊர்களில் அதைத் திரையிட போலீஸ் அனுமதி மறுத்தது. ஜூலையில், 2009-இல் நடந்த ஒரு மாணவர் போராட்டம் தொடர்பான பழைய வழக்கைத் தூசி தட்டி எடுத்து இயக்குநரைக் கைது செய்தார்கள். பிறகு ஜாமீனில் வந்தார். படம் யூடியூபில் இருந்தது. யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம், நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதுதான் கூடாது!

எங்களுக்கும் அதேதான். மண்டபத்துக்காரர் முதல் நாள் ராத்திரி போன் போட்டார். "தம்பி, மேல இருந்து கேக்குறாங்க. வேற தேதி பாத்துக்கலாமா?" மேலே என்றால் எங்கே என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நண்பன் வீட்டு மொட்டை மாடிக்கு வேட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். இருபத்திரண்டு பேர். அதில் ஆறு பேர் பக்கத்துத் தெருவில் இருந்து வந்த தூய்மைப் பணியாளர்கள். அவர்களை அழைத்தது நண்பனின் அம்மா. எங்களுக்கு அது தோன்றவே இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

படம் முடிந்து லைட்டைப் போட்டதும் நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் தொண்டையைச் செருமினார். அதற்குள் அந்த ஆறு பேரில் ஒரு அக்கா பேச ஆரம்பித்துவிட்டார்.

"சார், நீங்க அழுவுறீங்க, சரி. எங்களுக்கு இதுல என்ன புதுசு? காலைல நாலரைக்கே பாத்துட்டுத்தான வாரோம்."

யாருக்கும் பதில் இல்லை. எங்களோடு இருந்த இளம் வக்கீல் ஒருவர், பேச்சை எங்காவது கொண்டுபோக வேண்டுமே என்று, சட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார். மனிதரைக் கொண்டு மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 1993-லேயே ஒரு சட்டம், அது போதாமல் 2013-இல் இன்னொன்று. உரிய பாதுகாப்பு இல்லாமல் செப்டிக் டேங்கிலோ பாதாளச் சாக்கடையிலோ ஆளை இறக்கினால் முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை ஜெயில், அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014 மார்ச் 27-இல் உச்ச நீதிமன்றம், 1993-இலிருந்து இப்படிச் செத்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. இவ்வளவையும் ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தார்.

கீழே இறங்கும்போது அந்த அக்கா படிக்கட்டில் நின்றார். "அந்த வக்கீல் தம்பி பத்து லட்சம்னு சொன்னாரே, அது யாருக்கு?"

அவருடைய அக்கா மகன், இருபத்தாறு வயது, ஒரு லாட்ஜின் செப்டிக் டேங்கில் இறங்கிச் செத்திருக்கிறான். அதற்கு ஐந்து வருடம் ஆகியிருந்தது. லாட்ஜ்காரர் ஒன்றரை லட்சம் கொடுத்து, பத்திரத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டார். 'தவறி விழுந்து இறந்துபோனார்' என்று எழுதியாயிற்று. அதோடு கதை முடிந்தது என்றுதான் அந்தக் குடும்பம் நினைத்திருந்தது. மறுநாள் அவர் ஒரு துணிக்கடைப் பையைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார். எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் சான்றிதழ், கல்யாணத்துக்கு எடுத்த அவன் போட்டோ. எலி கடித்த ஓரங்களை செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். எதற்கென்றே தெரியாமல் ஐந்து வருடம் பத்திரமாக வைத்திருந்த பை அது.

திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். பிறகு தாசில்தார், பிறகு மறுபடி மனு, பிறகு 'விழுந்தாரா, இறக்கினார்களா' என்று விசாரணை. பத்தொன்பது மாதம். பணம் வந்தபோது லாட்ஜ்காரர் கொடுத்த ஒன்றரை லட்சத்தைக் கழிக்கப் பார்த்தார்கள், வக்கீல் அதற்கு ஒரு மனு எழுதினார். கடைசியில் முழுசாக வந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் குடும்பத்துக்குப் பணம் வாங்கிக் கொடுத்தது படமா? நேரடியாக இல்லை. தீர்ப்பு மூன்று வருடமாக இருந்தது, எஃப்.ஐ.ஆர். ஐந்து வருடமாக அந்தப் பையில் இருந்தது. இரண்டும் ஒரே மொட்டை மாடியில் சந்திக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. படம் அந்தச் சாக்கு. நான் பார்த்த வரையில், ஆவணப்படம் எங்கெல்லாம் வேலை செய்ததோ அங்கெல்லாம் வெளியே ஏதோ ஒன்று பாதி தயாராகக் காத்துக் கிடந்திருக்கிறது.

பாகிஸ்தானைப் பாருங்கள். ஷர்மீன் ஒபைத் சினாய் எடுத்த 'எ கேர்ள் இன் தி ரிவர்' நாற்பது நிமிடப் படம். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு சின்னப் பெண்ணை அப்பாவும் சித்தப்பாவும் முகத்தில் சுட்டு, சாக்கில் கட்டி ஆற்றில் போடுகிறார்கள். அவள் பிழைத்துக் கரையேறுகிறாள். ஆஸ்பத்திரிப் படுக்கையில், மன்னிக்க மாட்டேன் என்கிறாள். அந்த நாட்டுச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவரோ, கொல்லப்பட்டவரின் வாரிசுகளோ மன்னித்துவிட்டால் குற்றவாளி வெளியே வந்துவிடலாம். ஆணவக் கொலையில் கொன்றவனும் வாரிசும் ஒரே வீடு, அப்புறம் மன்னிப்புக்கு என்ன பஞ்சம்? ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசிப் பேசி அந்தப் பெண்ணையும் மன்னிக்க வைக்கிறார்கள். வெளியே வந்த அப்பா கேமரா முன்னால் உட்கார்ந்து, ஊரில் தனக்கு மதிப்புக் கூடியிருப்பதாகச் சொல்கிறார். எனக்குத் துப்பாக்கியை விட அந்தக் காட்சிதான் பயமாக இருந்தது.

2016 பிப்ரவரியில் இந்தப் படத்தைப் பிரதமர் நவாஸ் ஷெரீப் தன் அலுவலகத்திலேயே திரையிட வைத்தார், சட்டத்தைத் திருத்துவதாக வாக்குக் கொடுத்தார். ஒரு வாரத்தில் ஆஸ்கரும் கிடைத்தது. ஆனால் மன்னிப்பு என்ற அந்தச் சந்துவழியை அடைக்கும் மசோதா ஒன்று 2015-லேயே செனட்டில் நிறைவேறி, கீழவையில் முடங்கிக் கிடந்தது. எழுத்து ரெடி, தள்ளிவிட ஆள் இல்லை. படம் ஒரு தள்ளு. ஜூலையில் கந்தீல் பலோச் என்ற சமூக ஊடகப் பிரபலத்தை அவருடைய தம்பியே கொன்றது இன்னொரு தள்ளு. அக்டோபரில் சட்டம் வந்தது: குடும்பம் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு.

இங்கே நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் கந்தீலைக் கொன்ற தம்பிக்கு 2019-இல் ஆயுள் தண்டனை விழுந்து, 2022 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். சாட்சிகள் பிறழ்ந்தார்கள், பெற்றோர் மன்னித்தார்கள். கொலைக்குக் காரணம் 'மானம்'தான் என்று நிரூபணமானால்தான் புதிய சட்டத்தின் பிடி இறுகும். இல்லையென்றால் பழைய சந்து அப்படியே திறந்து கிடக்கிறது.

படமே நேரடியாக ஒரு ஆளைக் காப்பாற்றியது என்றால் அமெரிக்காவின் எரோல் மோரிஸ் 1988-இல் எடுத்த 'தி தின் ப்ளூ லைன்'தான் எனக்கு ஞாபகம் வருகிறது. டல்லாஸில் ஒரு போலீஸ்காரரைக் கொன்றதாக ரேண்டல் ஆடம்ஸ் என்பவர் ஜெயிலில் இருந்தார், மரண தண்டனைவரை போய்த் திரும்பியவர். சாட்சிகள் பொய் சொன்னதை மோரிஸ் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தார். ஆடம்ஸுக்கெதிராகச் சாட்சி சொன்னவனே, அவர் நிரபராதி என்று டேப்பில் பேசினான். 1989-இல் ஆடம்ஸ் விடுதலை. மோரிஸ் முன்பு தனியார் துப்பறிவாளராக வேலை பார்த்தவர். அழவைப்பதை விட ஆதாரம் சேர்ப்பதில் அவருக்கு ருசி அதிகம். ஒரு கொசுறு: வெளியே வந்த ஆடம்ஸ், தன் கதைக்கான உரிமை தனக்குத்தான் என்று அதே மோரிஸ் மேல் வழக்குப் போட்டார், பிறகு சமாதானமானார்கள். பலர் இதை நன்றிகெட்டதனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேமரா முன்னால் வாழ்க்கையைக் கொட்டியவருக்கு அதில் ஒரு பங்கு கேட்க உரிமை உண்டு.

நம் பக்கத்துக்கு வந்தால், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த 10 லட்சத்தை 30 லட்சமாக உயர்த்தியது. அதை எந்தப் படத்தின் கணக்கிலும் எழுத மாட்டேன், வருடக்கணக்கில் வழக்கு நடத்தியவர்களின் கணக்கு அது. சாவும் நிற்கவில்லை. குழிக்குள் இன்ன சாதிக்காரர்தான் இறங்குவார் என்ற நினைப்பை அசைக்க ஒரு படமோ ஒரு தீர்ப்போ போதவில்லை. 2003-லேயே ஆர்.பி.அமுதன் மதுரையில் ஒரு பெண் தொழிலாளியைப் பின்தொடர்ந்து 'பீ' என்ற படத்தை எடுத்தார். அதற்குப் பதினான்கு வருடம் கழித்து 'கக்கூஸ்' எடுக்க வேண்டிய தேவை இருந்தது என்றால் கணக்கு உங்களுக்கே புரியும்.

அதனால் எங்கள் திரையிடல்களில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டோம். இப்போது டீ மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு மேஜை. படம் எதைப் பற்றியதோ அது தொடர்பான தீர்ப்பின் ஜெராக்ஸ், வெள்ளைத்தாள், மனு எழுதத் தெரிந்த ஒருவர். வாத்தியார்தான் எழுதுகிறார், அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பேசுவதும் குறைந்துவிட்டது.

அந்த அக்கா இப்போதும் வருவார், படம் பார்க்க அல்ல. ஒன்பது மணி வாக்கில், கூட யாராவது இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்று கேட்பார்: "படம் முடிஞ்சிருச்சா தம்பி? மேசையப் போட்டாச்சா?"